லாயத்து வேலைக்கு ஏற்ற குட்டைப் பூட்ஸ்

மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் நம்மவர்களில் இரு சாரார் உண்டு. மைசூரிலிருந்து கொள்ளேகால், ஹனூர் வழியாக மலையேறுவோர் ஒரு சாரார். மேட்டூர், கொளத்தூர், பாலாறு வழியாக வருவோர் மற்றொரு சாரார். எங்கள் குடும்பத்தில் இரண்டு வழியும் உண்டு. நான் மைசூர் ரயில் நிலையத்தில் எழுத்தர் உத்தியோகம் பார்ப்பவன். என் மனைவியின் பிறந்தகமோ கொளத்தூர்ப் பக்கம். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையேனும் நாங்கள் இங்கிருந்தும் அவர்கள் அங்கிருந்தும் புறப்பட்டு, புலியை வாகனமாகக் கொண்ட மாதேஸ்வரரின் சந்நிதியில் சந்தித்துக்கொள்வது வழக்கம். அந்த மலையை உள்ளடக்கிய கொள்ளேகால் தாலுகா 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மொழிவழி மாநிலங்கள் அமையும் வரை கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்ததாக இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தோடு இணைந்து, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. எல்லைக் கோடு எங்கே நகர்ந்தாலும் மலைப்படிகளில் தமிழும் கன்னடமும் தோளோடு தோள் உரசிக்கொண்டுதான் ஏறுகின்றன.

சென்ற ஆண்டு தீபாவளியை ஒட்டி நாங்கள் மலைக்குப் போனது வெறும் தரிசனத்துக்காக அன்று, நேர்த்திக்கடனைச் செலுத்துவதற்காக. என் மைத்துனன் உயிர் பிழைத்திருந்தான். அவன் பிழைத்த கதையும், அதற்கு முன் நான் செய்த ஒரு பிழையும், அதன் பிறகு நான் தேடித் தெரிந்துகொண்ட சில விவரங்களும் நம் சங்கத்து அன்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்று எண்ணியே இதனை எழுதுகிறேன். நம் குடும்பங்களில் குதிரை லாயத்திலும் மாட்டுத் தொழுவத்திலும் வேலை பார்ப்போர் சிலரேனும் உண்டு. பூட்ஸைப் பற்றி ஒரு கட்டுரையா என்று முகம் சுளிப்போர் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மைசூரையும் குதிரையையும் பிரித்துப் பேச இயலாது. 1918-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி ஹைபா நகரைக் கைப்பற்றிய குதிரைப் படைகளுள் மைசூர் லான்சர் படையும் ஒன்று. தசராவின்போது பன்னிமண்டபத்தில் தீவட்டி விளையாட்டு நாளன்று காவல்துறைக் குதிரைகள் அணிவகுப்பதைக் காணாத மைசூர்க் குழந்தை இராது. சாமுண்டி மலையடிவாரத்தில் பந்தய மைதானம் இருக்கிறது. அரண்மனை வாசலில் இன்றும் ஜட்கா வண்டிகள் நிற்கின்றன. இவற்றோடு, சொந்தமாகச் சில குதிரைகளை வைத்து வளர்க்கும் தனியார் லாயங்களும் நகரின் புறத்தே உண்டு. அத்தகைய ஒன்றில்தான் என் மைத்துனன் குதிரைக்காரனாகச் சேர்ந்தான். அவனுக்கு அது புதிய தொழிலன்று. அந்தியூர்க் குருநாதசாமி கோயிலில் ஆடி மாதம் கூடும் குதிரைச் சந்தைக்குச் சிறு வயது முதல் போய்வந்தவன். மாட்டைவிடக் குதிரையிடம் அவனுக்குப் பிரியம் அதிகம்.

லாயத்து வேலை என்றால் குதிரையைத் தடவிக் கொடுப்பது என்று நினைப்போர் ஒரு நாள் விடியற்காலை அங்கே சென்று நின்று பார்க்க வேண்டும். ஒரு குதிரை நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 கிலோ லத்தி போடுகிறது. மூத்திரம் ஐந்து முதல் பத்து லிட்டர் வரை. எட்டுக் குதிரைகள் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். அத்தனையையும் வாரி, நனைந்த வைக்கோலை அகற்றி, தரையைக் கழுவிவிட்டு, குதிரைகளையும் குளிப்பாட்ட வேண்டும். காலை நான்கு மணி முதல் ஒன்பது மணி வரை அவனுடைய பாதங்கள் ஈரத்திலேயே இருந்தன. அந்த ஈரமும் வெறும் தண்ணீர் அன்று. மூத்திரத்தில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அமோனியாவாக மாற்றிவிடுகின்றன. லாயத்துக்குள் நுழைந்ததும் கண்ணைக் கரிக்கிறதே, அந்த நெடி அதுதான். அந்தக் காரம் பாதத் தோலை ஊறவைத்து மிருதுவாக்கிப் பிளந்துவிடும். விரலிடுக்கில் சேற்றுப்புண்ணும், குதிகாலில் பித்தவெடிப்பும் அவனுக்கு நிரந்தரமாயின. இரவில் மருதாணி அரைத்துப் பூசுவான். விடிந்ததும் மீண்டும் அதே ஈரத்தில் போய் நிற்பான்.

அவனுடைய பாதங்களைக் கண்டு மனம் பொறாமல் சென்ற ஆண்டு வைகாசியில் நானே கடைக்குப் போய் ஒரு ஜோடி கம்பூட் வாங்கிவந்தேன். முழங்கால் வரை உயர்ந்தது, பி.வி.சி.யால் ஆனது, விலை மலிவு. அவனுடைய அளவு கடையில் இல்லாததால், பெரிதாக இருந்தால் என்ன, காலுக்குள் காற்றோட்டம் இருக்குமே என்று எண்ணி ஓர் அளவு கூடுதலாகவே வாங்கிவிட்டேன். மலிவாக வாங்கிய பெருமையும் எனக்கு இருந்தது.

நான்கு நாட்கள் அணிந்தான். ஐந்தாம் நாள் அது தீவனக் கிடங்கின் மூலைக்குப் போய்விட்டது. அவன் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் வருந்துவேன் என்று எண்ணியிருப்பான். பின்னர் மருத்துவமனையில் கேட்டபோதுதான் சொன்னான்: “அதுல நின்னா வெந்த சோத்துப் பானைக்குள்ள கால விட்ட மாதிரி இருக்குது மாமா. குந்தி உக்காந்து குளம்பு பார்க்க முடியல. நடந்தா டப்பு டப்புன்னு சத்தம் போடுது, புதுக் குட்டி மிரளுது.”

ஆடி மழையில் லாயத்து முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கியது. கொள்ளும் தவிடும் இருக்கும் இடத்தில் எலிகளுக்குக் குறைவு இல்லை. பத்து நாட்களில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. கெண்டைக்கால் சதை தொட முடியாதபடி வலித்தது, கண்கள் சிவந்தன. மழைக்காலத்துச் சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் கொடுத்தோம். ஐந்தாம் நாள் கண்ணில் மஞ்சள் தெரிந்தது, சிறுநீர் குறைந்தது. மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் கேட்ட முதல் கேள்வி, “வெறுங்காலோடு தண்ணீரில் நின்று வேலை செய்கிறவரா?” என்பதுதான். அது எலிக்காய்ச்சல். எலி முதலிய பிராணிகளின் சிறுநீர் கலந்த நீரில் வாழும் கிருமி, தோலில் உள்ள வெடிப்பு வழியாக உள்ளே போய்விடுகிறது. அடால்ப் வீல் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1886-இல் இந்நோயின் கடுமையான வடிவத்தை விவரித்து எழுதினார். தக்க சமயத்தில் மருந்து கிடைத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வர்; தாமதித்தால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். நாங்கள் தாமதித்திருந்தோம். பதினாறு நாட்கள் மருத்துவமனை வாசம். வேலைக்குப் போகாமல் இருந்த நாட்களையும் சேர்த்தால் இரண்டரை மாதச் சம்பளம் போயிற்று. அவன் மனைவி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி.

மலிவு விலையில் வாங்கிய அந்தக் கம்பூட் இன்னும் தீவனக் கிடங்கின் மூலையிலேயே இருக்கிறது. அதற்குள் எலி குட்டி போட்டிருந்ததாகவும் கேள்வி.

மலையில் நாங்கள் நேர்த்திக்கடனைச் செலுத்திவிட்டு மண்டபத்து ஓரமாக அமர்ந்திருந்தபோது, பட்டி மாடு மேய்க்கும் முதியவர் ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். அவர் பர்கூர் மலைப் பக்கத்தவர். பர்கூர் மாடு தெரியுமல்லவா? செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுகள் கொண்டது; மலை ஏறுவதில் சூரன்; புதியவர்களை அருகில் விடாது. இரவில் காட்டுக்குள் மாடுகளை அடைத்து வைக்கும் இடத்தையே பட்டி என்பார்கள். மழைக்காலத்தில் பட்டிச் சாணிச் சேறு முழங்கால் வரை இருக்கும். அவரிடம், காலுக்கு என்ன போடுவீர்கள் என்று கேட்டேன். வாசலில் விட்டிருந்த தம் டயர்ச் செருப்பைக் காட்டினார். லாரி டயரை அறுத்துச் செய்தது. “முள்ளுக்கு இது போதுமுங்க. சாணிச் சேத்துக்கு என்னத்தப் போடறதுங்க? வெறுங்காலுதான். மழ விட்டா ஆறிப்போகுமுங்க” என்றார். அவருடைய விரலிடுக்கைப் பார்த்தேன். ஆறியிருக்கவில்லை. என் மாமியார் அவர் பாதத்தையும் தம் மகன் பாதத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை, இவன் திரும்ப அந்த வேலைக்குத்தான் போவேங்கறான். காலுக்கு ஏதாச்சும் வழி பண்ணுங்க” என்றார்.

அதே மண்டபத்தில் கம்சாளக்காரர்கள் வெண்கலத் தாளத்தைத் தட்டி மாதேஸ்வரர் கதையைப் பாடிக்கொண்டிருந்தார்கள். அக்கதையில் ஹரளய்யன் என்னும் செருப்புத் தைப்பவர் வருகிறார். சிராவணன் என்னும் கொடிய அரசனின் அழிவில் அவர் தைத்த பாதரட்சைக்கும் பங்கு உண்டு என்று பாடுவார்கள். காலணி ஓர் அரசனுக்கு யமனாக முடியும் என்றால், ஓர் ஏழைக்குக் காவலாகவும் இருக்கத்தானே வேண்டும்? அந்த எண்ணத்தோடுதான் மலையிறங்கினேன்.

பின்னர் ஒரு மாத காலம் விசாரித்தேன். ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் பணிபுரியும் நண்பர் ஒருவர், ரயில் நிலையத்துக்கு எதிரே உட்காரும் செருப்புத் தைப்பவர், நாற்பதாண்டுகள் குதிரை பராமரித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஆகிய மூவரும் எனக்கு ஆசான்கள். என் மேலதிகாரி, “என்ன ஐயா, கடை வைக்கப் போகிறீரா?” என்று கேலி செய்யும் அளவுக்கு இது முற்றிவிட்டது.

ரப்பர் பூட்ஸின் பூர்வ கதை நம் ஊரைத் தொட்டே செல்கிறது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின்னர் அதன் நிர்வாகத்தை ஏற்றவர் ஆர்தர் வெல்லெஸ்லி. அவரே பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் பிரபு. அவர் தம் சக்கிலியரிடம் சொல்லித் திருத்திச் செய்துகொண்ட தோல் பூட்ஸுக்கு அவர் பெயரே வழங்கிற்று. தோலுக்குப் பதில் ரப்பர் வந்தது பின்னர்தான். சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் 1839-இல் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் அது வெயிலில் உருகாமலும் குளிரில் வெடிக்காமலும் உறுதிப்படுவதைக் கண்டார். 1844-இல் உரிமைப் பட்டயம் பெற்றார். ஹைரம் ஹட்சின்சன் என்பவர் 1853-இல் பிரான்ஸில் ஆலை தொடங்கி, மரச்செருப்போடு வயலில் உழன்ற குடியானவர்களுக்கு ரப்பர் பூட்ஸ் செய்து விற்றார். முதல் உலகப் போரில் பதுங்கு குழிச் சேற்றில் நின்றே சிப்பாய்களின் பாதங்கள் அழுகியபோது, பிரிட்டிஷ் இராணுவத்துக்காக ஏறத்தாழ 12 லட்சம் ஜோடி ரப்பர் பூட்ஸ் செய்யப்பட்டன. சிப்பாய்களின் அந்தப் பாத அழுகலும் என் மைத்துனனின் சேற்றுப்புண்ணும் ஈரத்தில் பிறந்த உறவினர்களே. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த ஒருவரின் பெயரைத் தாங்கிய காலணி, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள நம் குதிரைக்காரர்களின் காலுக்கு இன்னமும் வந்து சேரவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். உயரம் எவ்வளவு? ஓய்வுபெற்ற அந்தப் பெரியவர் இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூறினார்: “கணுக்காலுக்கு மேலே நாலு விரல்.” முழங்கால் பூட்ஸ் குளிர்தேசத்துக்காரர்களுக்கு ஏற்றது; அல்லது வயலில் ஆழச் சேற்றில் இறங்குவோருக்கு. நம் நாட்டு வெப்பத்தில் அதற்குள் வியர்வை தேங்கி, வெளி ஈரத்துக்குப் பதில் உள் ஈரம் பாதத்தை ஊறவைக்கும். குதிரைக்காரன் நாளில் பலமுறை குந்தி உட்கார்ந்து குளம்பைப் பார்க்கிறான்; உயரமான பூட்ஸ் முழங்காலின் பின்புறத்தை அறுக்கும். மற்றொரு காரணமும் உண்டு. நம்மவர்கள் வீட்டு வாசலில், சமையற்கட்டில், சாமி படத்தின் முன் என்று நாளுக்குப் பத்துமுறை காலணியைக் கழற்றுபவர்கள். கழற்றுவதற்குச் சிரமமான காலணியை நம்மவர்கள் அணியவே மாட்டார்கள். ஆகவே குட்டைப் பூட்ஸே தகும். அதிலும் கயிறு கட்டுவதைக் காட்டிலும் இருபுறமும் எலாஸ்டிக் வைத்து இழுத்து மாட்டுவது மேல். ஆனால் அந்த எலாஸ்டிக் துணியின் கீழ் விளிம்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நீர் புகாத எல்லை அதுவரைதான். கடைக்காரர் பூட்ஸின் முழு உயரத்தைச் சொல்வார். தண்ணீர் அதைக் கேட்பதில்லை. குட்டைப் பூட்ஸின் குறையும் இதுவே: முற்றத்தில் தண்ணீர் அதற்கு மேல் ஏறினால் அது பயன்படாது. அத்தகைய நாட்களுக்கென்று லாயத்தில் பொதுவாக ஒரு ஜோடி உயரமான கம்பூட் இருக்கட்டும்.

எதனால் செய்தது என்பதே அடுத்த கேள்வி. இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். தோல் பூட்ஸ் அழகானது, காற்றோட்டமானது, காலுக்குத் தக்கபடி வளைந்து கொடுப்பது. ஆனால் அமோனியா தோலுக்குப் பகை. அது தோலில் ஊட்டியிருக்கும் எண்ணெயை வெளுத்து உறிஞ்சிவிட, தோல் விறைத்து வெடிக்கிறது. ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளில் பதனிட்ட தோல் விரைவில் கெடும். குரோம் உப்பில் பதனிட்டது ஓரளவு தாங்கும் என்றார் ஆம்பூர் நண்பர். நீர்புகாத் தோல் என்று விற்பதை வாங்குவதாயின் நாக்கு போன்ற முன்தோல் இருபுறமும் பக்கத் தோலோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிடில் தோல் நீர் புகாததாக இருந்தும் நாக்கின் ஓரமாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். நாள்தோறும் லத்தி வாருவோருக்குத் தோல் பூட்ஸை நான் சிபாரிசு செய்யமாட்டேன். குதிரையை நடத்திச் செல்வதும் சேணம் பூட்டுவதுமே வேலை என்றால் அது பொருந்தும்.

கீழே ரப்பரும் மேலே தோலுமாகச் செய்த பூட்ஸும் உண்டு. அமெரிக்காவில் பீன் என்பவர் 1912-இல் வேட்டைக்காரர்களுக்காக அதைச் செய்து விற்றார். முதலில் விற்ற நூறு ஜோடிகளில் தொண்ணூறு திரும்பி வந்துவிட்டன. ரப்பரும் தோலும் சேரும் தையல் பிய்ந்துவிட்டதே காரணம். அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தையலைச் சீர்திருத்திப் பிறகு பெரும் வியாபாரி ஆனார். பூட்ஸ் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறதோ, எங்கே தைக்கப்பட்டிருக்கிறதோ, அங்கேதான் முதலில் பிய்யும். ஒட்டே இல்லாமல் ஒரே அச்சில் வார்த்தது நெடுநாள் உழைக்கும்.

அப்படி வார்க்கப்படுவதில் மலிவானது பி.வி.சி. அது மூத்திரத்துக்கும் சாணத்துக்கும் எளிதில் அசைந்து கொடாது, கழுவினால் போதும். ஆனால் கனம், சற்று விறைப்பு, ஈரச் சிமெண்டுத் தரையில் மட்டரகம் வழுக்கும். இயற்கை ரப்பர் நன்கு வளையும், ஈரத் தரையைப் பற்றும், விலை கூடுதல். வெயிலில் போட்டுவைத்தால் மேற்புறம் வெடிக்கும். டீசலும் எண்ணெயும் பட்டால் ஊதிவிடும். பி.யு. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாலியூரிதேன் இலேசாகவும் சுகமாகவும் இருக்கிறது. எனினும் அதில் ஒரு சூது உண்டு. அதன் சில வகைகள் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் உள்ளுக்குள்ளேயே சிதைந்து, ஒரு நாள் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிரும். அணியாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் உதிரும். கிடங்கில் பல ஆண்டுகள் கிடந்த சரக்கைத் தள்ளுபடி விலையில் வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். ஈ.வி.ஏ. என்னும் நுரைப் பொருளால் ஆனது பஞ்சு போல இலேசானது. லாயத்துக் கற்களில் ஓராண்டு தாங்கினால் பெரிது.

நாங்கள் இறுதியில் தேர்ந்தது கணுக்கால் உயரமுள்ள ரப்பர் பூட்ஸ். ரப்பர் கணுக்கால் பூட்ஸுக்கு ஐ.எஸ். 5557 என்றும், பி.வி.சி. பூட்ஸுக்கு ஐ.எஸ். 12254 என்றும் இந்தியத் தர நிர்ணயம் உண்டு. அந்த எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பூட்ஸிலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் மட்டும் இருந்தால் போதாது. பெட்டிகள் மாறுவது பார்சல் ஆபீஸில் உட்காரும் எனக்குத் தெரியாததா?

விரல்களுக்கு மேல் எஃகுக் கவசம் வேண்டுமா என்பதில் லாயங்களில் ஒரு பெரிய வாக்குவாதமே நடக்கிறது. குதிரை மிதித்தால் எஃகு வளைந்து விரலையே துண்டித்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். என் மைத்துனனும் நம்பினான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதுகாப்புக் காலணிக்கான ஐ.எஸ். 15298 தரத்தில் அந்தக் கவசம் 15 கிலோநியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். அது ஏறத்தாழ ஒன்றரை டன் எடை. ஒரு பந்தயக் குதிரையின் முழு எடையே 500 கிலோவுக்குச் சற்று முன்பின்தான். அதுவும் நான்கு கால்களில் பிரிந்து நிற்கிறது. தரமான கவசம் என்றால் வளையுமோ என்ற அச்சத்துக்கு இடமில்லை. ஆனால் குதிரை எப்போதும் விரலைப் பார்த்து மிதிக்கும் என்பதற்கு என்ன நிச்சயம்? கவசத்துக்குப் பின்னால் மிதித்தால் அது உதவாது. கவசத்தால் கனம் கூடும் என்பதும் உண்மை. லாடம் அடிக்குமிடத்தில் வேலை செய்வோருக்கு, கவசத்தைக் காட்டிலும் ஆணி ஏறாத அடித்தகடு முக்கியம் என்பது என் கருத்து. லாட ஆணி குத்தினால் வரும் காயம் சிறியது. அதன் பின்னால் வரக்கூடிய இசிவு நோய் பெரியது. அந்நோயின் வித்துகள் குதிரைச் சாணத்திலும் லாயத்து மண்ணிலும் நெடுங்காலம் உறங்கிக் கிடக்கக்கூடியவை. ஆகையால் எந்தப் பூட்ஸ் அணிந்தாலும் இசிவுநோய்த் தடுப்பூசியைப் பத்தாண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்வதை விடக்கூடாது.

அடிப்பாகத்தில் ஆழமான பள்ளங்கள் இருந்தால் வழுக்காது. ஆயினும் குறுகலான பள்ளங்களில் லத்தி அடைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் வழவழப்பான பலகை போலாகிவிடும். பள்ளங்கள் அகலமாகவும் ஓரம் வரை திறந்தும் இருக்கட்டும். இந்தப் பூட்ஸோடு குதிரைமேல் ஏறக்கூடாது. பட்டன் பெரிதாக உள்ள அடிப்பாகம் அங்கவடியில் சிக்கிக்கொண்டால், விழுந்தவனைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். ஓய்வுபெற்ற பெரியவர் இதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. யாருக்கு நேர்ந்தது என்று நான் கேட்கவில்லை.

அளவு விஷயத்தில் நான் செய்த பிழையை வேறு எவரும் செய்ய வேண்டாம். கடைகளில் வழங்கும் எண்கள் ஆங்கிலேயர் வழிவந்தவை; ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் நீளத்தில் மூன்றில் ஓர் அங்குலம் வித்தியாசம். அகலத்தைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை. நம் நாட்டாரின் பாதம் முன்புறம் அகன்றது. சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து, நமக்கென ஓர் அளவுமுறை வகுக்க முற்பட்டதற்கு இதுவே அடிப்படை. சிறு வயதில் வெறுங்காலோடு திரிந்தவர்களுக்கு அகலம் இன்னும் கூடுதல் என்று செருப்புத் தைப்பவர் சொன்னார். அகலம் போதாமல் நீளத்தைக் கூட்டி வாங்கினால் குதிகால் தளர்ந்து தேய்த்துக் கொப்பளம் உண்டாக்கும். நாள் முழுவதும் நின்றபின் பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், ஒரு காகிதத்தின்மேல் எழுந்து நின்று, இரண்டு பாதங்களையும் சுற்றி வரைந்து அதைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பூட்ஸின் அடிப்பாகத்தை அதன்மேல் வைத்தால் கடைக்காரரின் சொல்ஜாலம் செல்லாது. முன்னே அரை அங்குலம் இடம் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் நாங்கள் ஒரு சோதனை செய்தோம். பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து, நீர்புகா எல்லைக்கு ஒரு விரல் கீழே வரும்படி வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் நிறுத்திவைத்தோம். இடையிடையே முன்புறத்தை வளைத்து வளைத்து விட்டோம். தாளை எடுத்துப் பார்த்தபோது வலக்கால் பூட்ஸில் குதிகால் ஓரம் நனைந்திருந்தது. கடைக்காரர் முதலில் முணுமுணுத்தார். நனைந்த தாளைக் காட்டியதும் வேறு ஜோடி கொடுத்தார். ரசீது கையில் இருந்தது நல்லதாயிற்று.

பராமரிப்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் உடனே கழுவி, இரண்டு குச்சிகளில் தலைகீழாக நிழலில் மாட்டிவிட வேண்டும். அடுப்போரத்தில் வைக்கவே கூடாது. உள்ளட்டையைத் தனியே எடுத்துக் காயவைக்க வேண்டும். தோல் பூட்ஸாயின் வாரத்துக்கு ஒருமுறை விளக்கெண்ணெய் தடவலாம். காலுறை நாளுக்கு இரண்டு ஜோடி. நடுவே ஒருமுறை மாற்றிக்கொள்வது சேற்றுப்புண்ணுக்கு மருதாணியைவிடச் சிறந்த மருந்து என்று மருத்துவரே சொன்னார். பூட்ஸ் வந்துவிட்டது என்று எலிகளை மறந்துவிடவும் கூடாது. லாயத்தில் இப்போது கொள்ளும் தவிடும் மூடியுள்ள தகர டின்களில் இருக்கின்றன. இதற்கு மட்டும் முதலாளி செலவு செய்தார். இருப்புப்பாதையில் வேலை செய்யும் எங்கள் ஊழியர்களுக்கு நிர்வாகமே பாதுகாப்புக் காலணி வழங்குகிறது. லாயத்து முதலாளிகள் ஒரு குதிரையின் நான்கு லாடத்துக்கு மாதந்தோறும் செலவிடுவதில் ஒரு பங்கை, அதைப் பராமரிப்பவனின் இரண்டு காலுக்குச் செலவிடலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

இவ்வாண்டு ஆடி மழையிலும் முற்றத்தில் தண்ணீர் தேங்கியது. என் மைத்துனன் அதே லாயத்தில்தான் இருக்கிறான். பூட்ஸின் குதிகால் ஓரம் சற்றுத் தேய்ந்திருக்கிறது, மற்றபடி பழுதில்லை. விரலிடுக்குப் புண் ஆறி, தோல் மூடிவிட்டது. அவனுடைய மகளுக்கு இப்போது ஒரு வயது; தகப்பன் வீட்டுக்கு வந்ததும் வாசலில் கழற்றி வைக்கும் பூட்ஸுக்குள் கையை விட்டு விளையாடுவதே அவளுக்கு வேலை. கழுவிய பின்தான், என்று அவன் மனைவி அவசரமாகச் சொல்கிறாள்.

அவனோடு வேலை செய்வோர் நால்வர் தங்களுக்கும் வாங்கித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பீகாரிலிருந்து வந்தவர். தம் வலப்பாதம் இடப்பாதத்தைவிடப் பெரியது என்பது காகிதத்தில் வரைந்த பிறகே அவருக்குத் தெரிந்தது. நால்வரின் பாதங்களும் வரைந்த காகிதங்கள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. சம்பளத்துக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போவதாக இருக்கிறோம். சேர்ந்து வாங்க விரும்பும் அன்பர்கள் அதற்குள் தங்கள் காகிதத்தைச் சங்கத்தில் கொடுத்துவிட்டால், மொத்தமாக விலை பேசிப் பார்க்கிறேன்.